தொப்பி கேக்கல

எங்க நைனா முப்பது வருஷம் மைக் செட் வச்சிருந்தவரு. அணைக்கட்டுலேர்ந்து ஒடுகத்தூர் வரைக்கும் எந்த ஊர்ல கூத்து நடந்தாலும், அம்மனுக்குக் கூழ் ஊத்தினாலும் எங்க வீட்டு சைக்கிள் கேரியர்ல ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஏறிடும். வேப்பமரத்து உச்சியில குழாய் ஸ்பீக்கர் கட்ட ஏறினவன் நான்தான். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, "என் காருல பேஸ் வரல"ன்னு எவன்கிட்ட போய்ச் சொல்றது? நைனாகிட்ட ரெண்டு மாசம் வாயத் திறக்கல.

கார் பழைய டிசையர். சத்துவாச்சாரியிலேர்ந்து குடியாத்தத்துல இருக்கற அக்கா வீட்டுக்கு அடிக்கடி போய் வர்றதுதான் அதோட வேலை. பள்ளிகொண்டா வரைக்கும் ஹைவேயில டயர் இரைச்சல் பாட்டோட அடிச்சத்தத்த, அதான் பேஸ, எல்லாம் முழுங்கிடும். மீதி இருக்கறது பாடறவரு குரலும் சலங்கையும்தான். கூட வேலை பார்க்கறவரு காரை வித்தப்ப கழட்டி வச்ச 12 இன்ச் சப்ஊஃபரும் (அடிச்சத்தத்துக்குன்னே இருக்கற ஸ்பீக்கர்) அத ஓட்டற மோனோ ஆம்ப்பும் இருக்குன்னாரு, வாங்கிட்டேன். பெட்டி மட்டும் புதுசு. தெரிஞ்ச ஆசாரிகிட்ட 18 எம்.எம். எம்.டி.எஃப் பலகையில, முன்பக்கம் காத்துப் போற ஓட்டை வச்சு செஞ்சது.

சோதனைக்கு நான் போடறது தவில். சினிமாப் பாட்டுல பேஸ் இருக்கா இல்லையான்னு சண்டை போடலாம், தவில்ல முடியாது. வலந்தலையில விரல் கூடு போட்டு அடிக்கறது மேல் சத்தம், மறுபக்கம், தொப்பியில கழியால அடிக்கறது கீழ் சத்தம். சப்ஊஃபர் ஒழுங்கா இருந்தா தொப்பி அடி நெஞ்சுல விழணும். என் காருல வலந்தலை மட்டும் டக டகன்னு பொரிஞ்சது. தொப்பி பக்கத்துத் தெருவுல யாரோ மெத்தைய அடிச்சு தூசி தட்டற மாதிரி கேட்டது.

கார் அலங்காரக் கடை ஒண்ணுல காட்டினேன். டிக்கியத் திறக்கக்கூட இல்ல. "ஆம்ப் பத்தாதுண்ணா, பெருசு போடுங்க"ன்னு பதினஞ்சாயிரத்துக்கு ஒரு கணக்குச் சொன்னாரு. ஆம்ப் மேல 1500 வாட்ஸ்னு பெருசா போட்டிருக்கேன்னு கேட்டேன், சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு மட்டும் நியாயமானது. ஆம்ப் எவ்வளவு தரும்னு தெரியணும்னா அட்டையப் பார்க்காம ஃபியூஸைப் பார்க்கணும். என்னோடதுல 30 ஆம்பியர் ஃபியூஸ். 14 வோல்ட்டோட பெருக்கினா 420 வாட்ஸ். உள்ள போறதுல எண்பது சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும்னு வச்சாலும் 330 சொச்சம்தான். 300ன்னு நம்பிக்கலாம். ஆனா ஒரு காருக்குள்ள 300 வாட்ஸ் கம்மி கிடையாது. நைனா அதவிடக் கம்மியா வச்சுகினு நாலு தெருவையே தூங்க விடாம பண்ணியிருக்காரு.

அப்பால நானே உக்காந்தேன். காரோட பாட்டு செட்டுல சப்ஊஃபர் அவுட் ஆன் ஆகியிருக்கா, பார்த்தேன், ஆகியிருக்கு. செட்டுலேர்ந்து ஆம்ப்புக்குப் பாட்டக் கொண்டு போற ஆர்.சி.ஏ வயர் பின் ஸ்பீக்கர் அவுட்ல மாட்டியிருக்கா, இல்ல, சரியான இடத்துலதான். ஆம்ப்ல எல்.பி.எஃப், அதாவது கீழ்ச் சத்தத்த மட்டும் விடற வடிகட்டி, 80 ஹெர்ட்ஸ்ல இருந்தது. சில ஆம்ப்ல அதே சுவிட்சு மேல் சத்தத்த மட்டும் விடற எச்.பி.எஃப் பக்கம் தள்ளியிருக்கும், அப்ப சப்ஊஃபருக்கு கீழ்ச் சத்தமே போகாது. எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்ல, எல்லாம் ஒழுங்கா இருந்தது.

மல்டிமீட்டர வச்சப்பதான் முதல் திருடன் சிக்கினான். இன்ஜின் ஓடறப்ப பேட்டரியில 14.1 வோல்ட். சத்தம் வச்சதும் ஆம்ப்கிட்ட 11.9க்கு இறங்கிடுச்சு. ரெண்டு வோல்ட்டுக்கு மேல வழியில எங்கயோ தின்னுட்டுப் போறான். நீளமா ஒரு வயர் இழுத்து, ஆம்ப்போட எர்த்து முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல பார்த்தேன், 0.9. எர்த்து வயர டிக்கி தகட்டுல ஸ்குரு போட்டு முடுக்கியிருக்கேன், பெயிண்ட்டுக்கு மேலயே. பெயிண்ட்டுல கரண்ட் எப்படி ஓடும்? ஸ்குரு பல்லு தொட்ட அளவுதான் ஓடியிருக்கு. உப்புத்தாள் போட்டு தகடு பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சு, லக்கு வச்சு முடுக்கினேன். 0.1 ஆயிடுச்சு. பேட்டரியிலேர்ந்து வர்ற சிவப்பு வயர பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளை. அலுமினியத்துல செம்பு முலாம் பூசினது. பார்வைக்கு விரல் தடிமன், அதுல பாதி ரப்பர். அதையும் பின்னாடி சுத்தச் செம்புக்கு மாத்தினேன். ஃபியூஸ் மட்டும் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், தூரத்துல வச்சா வழியில வயர் தேய்ஞ்சு பாடியில பட்டா தீதான்.

இவ்வளவு பண்ணியும் தொப்பி வரல. மெத்தை அடிக்கறவர் ஒரு வீடு கிட்ட வந்திருந்தாரு, அவ்வளவுதான்.

பெட்டியத் திருப்பி வச்சுப் பார்த்தேன். சீட்டைப் பார்த்து வைக்கறதவிட டிக்கிக் கதவப் பார்த்து ஒரு சாண் இடம் விட்டு வச்சா என் காருல கொஞ்சம் கூடுதலா கேக்குது. 50 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை கிட்டத்தட்ட ஏழு மீட்டர் நீளம். அது காரவிடப் பெருசு, எந்தப் பக்கம் பார்த்து வச்சாலும் சுத்தி வந்துடும். ஆனா எங்க மோதித் திரும்பி எங்க சேருதுங்கறதுல வித்தியாசம் இருக்கு. அந்த ஒரு சாண் இடத்துல எங்க வீட்டுல 25 கிலோ அரிசி மூட்டைய நிக்க வச்சு, காத்து ஓட்டைய அடைச்சது தனிக் கதை.

ஒரு விஷயம்தான் உறுத்திகினே இருந்தது. பத்து நிமிஷம் ஓடினா ஆம்ப் தொட முடியாத சூடு. சித்திரை வெயில்ல வேலூர்ல எல்லாமே சூடுதான், நடுமத்தியானம் ஸ்டீயரிங்கையே துணி வச்சுப் பிடிக்கணும். ஆனா ராத்திரி பத்து மணிக்கும் ஆம்ப் அதே சூடு. பெட்டிப் பக்கம் லேசா வார்னிஷ் கருகற வாடை வேற. சத்தம் இல்ல, சூடு மட்டும் இருக்கு. போற கரண்ட் எங்க போகுது?

மீட்டர் எல்லாம் சரின்னுதான் சொன்னது. என் சப்ஊஃபர்ல கூம்பத் தள்ளி இழுக்கற கம்பிச் சுருள், அதான் காயில், ரெண்டு இருக்கு, ஒவ்வொண்ணும் 4 ஓம்ஸ். பக்கத்துப் பக்கத்துல சேர்த்தா 2, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாச் சேர்த்தா 8. ஆம்ப்புக்கு 2 வேணும், மீட்டர்ல 1.8 காட்டினது. அது சரியான கணக்குதான், மீட்டர் வச்சுப் பார்த்தா எப்பவும் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும். அதனால அந்தப் பக்கம் நான் சந்தேகப்படவே இல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை வாசல்ல டிக்கியத் திறந்து வச்சுகினு முழிச்சுகினு இருந்தேன். நைனா துண்டை உதறிப் போட்டுகினு வந்து நின்னாரு.

"இன்னாடா, ரெண்டு மாசமா இதையே நோண்டினு கீற?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். வோல்ட்டு, எர்த்து, ஓம்ஸ். அவரு மீட்டரப் பார்க்கவே இல்ல.

"செல்லு இருந்தா எடுத்தா."

வீட்டுல டார்ச்சு செல்லு ஏது? சுவர்க் கடிகாரத்துலேர்ந்து ஒண்ணக் கழட்டிக் கொடுத்தேன். உள்ளேர்ந்து, "மணி பார்க்கறது யாரு, நீங்களா நானா?"ன்னு ஒரு குரல் வந்தது. நைனா ஆம்ப் வயரக் கழட்டிட்டு, பெட்டி டெர்மினல்ல ரெண்டு துண்டு வயர வச்சு செல்லத் தொட்டாரு. ஒன்றரை வோல்ட் போதும். கூம்பு வெளிய தள்ளணும், இல்லன்னா உள்ள இழுக்கணும். இடது கை விரல் நுனிய கூம்பு மேல பட்டும் படாம வச்சிருந்தாரு, காய்ச்சல் பார்க்கற மாதிரி. கர்ருன்னு லேசா ஒரு சத்தம். கூம்பு அசையல.

"மாடு ரெண்டும் சண்டை போட்டுகினு கீது. கழட்டு."

எட்டு ஸ்குருவையும் கழட்டி சப்ஊஃபரத் தூக்கி வெளிய வச்சேன். ரெண்டு காயிலையும் பிரிச்சுவிட்டு, அதுஅதுக்கு நான் சேர்த்திருந்த வயர்லயே தனித்தனியா செல்லத் தொட்டாரு. முதல் காயில்ல கூம்பு வெளிய வந்தது. ரெண்டாவதுல உள்ள போச்சு. எனக்கு அப்பவே புரிஞ்சு, தலைய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. அந்த வயர நானேதான் சேர்த்தேன். புதுப் பெட்டிக்கு மாத்தினப்ப கரண்ட் போயிடுச்சு, போன் வெளிச்சத்துல வேலை பார்த்தேன். ஸ்பீக்கர் வயர்ல ஒரு கம்பி செம்பு நிறம், இன்னொண்ணு வெள்ளி நிறம். அந்த வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணுதான்.

ஒரு காயில் கூம்பைத் தள்ளறப்ப இன்னொண்ணு அதே வேகத்துல இழுக்குது. ரெண்டும் துல்லியமா சமமா இருக்காது, அந்தத் துளி வித்தியாசம்தான் நான் கேட்ட மெத்தைச் சத்தம். மீட்டருக்கு இது தெரியாது, அது எந்தப் பக்கம் வச்சாலும் ஓம்ஸைத்தான் அளக்கும். ஆம்ப்புக்கும் தெரியாது, 2 ஓம்ஸுக்கு உரிய கரண்ட்ட அது பாட்டுக்கு ஊத்தும். அவ்வளவும் சூடாத்தான் போகணும். காயில் அசைஞ்சாவது தன்னச் சுத்தி இருக்கற காத்தத் தள்ளிக் குளிர்ந்துக்கும். அசையாத காயில் வெறும் ஹீட்டர். இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தா கருகியிருக்கும். கடையில சொன்ன பெரிய ஆம்ப் போட்டிருந்தா ஒரு வாரம் தாங்கியிருக்காது.

இதே கோளாறு மேடையில வேற மாதிரி வரும். ஒருதரம் மேடைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு 15 இன்ச் பாக்ஸ் வச்சிருந்தோம். ஓரத்துல நிக்கறவனுக்கு மிருதங்கம் இடிக்குது, நடுவுல பாய் விரிச்சு உக்காந்தவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நைனா கூட்டத்துக்குள்ள ஒரு நடை நடந்துட்டு வந்து, ஒரே ஒரு பாக்ஸோட வயர மட்டும் மாத்திப் போட்டாரு. நடுவுல இருந்த கிழவி ஒருத்தி நிமிர்ந்து உக்காந்தா. பத்து வயசுல என் கண்ணால பார்த்தது. கார்னு வந்ததும் அது தோணவே இல்ல.

வயரச் சரியா சேர்த்து பெட்டிய மூடினதும், செட்டுலேர்ந்து வர்றத ஆம்ப் எவ்வளவு பெருசாக்கணும்னு வைக்கற கெயின் திருக மறுபடி வச்சேன். முன்னாடி வராத சத்தத்துக்காக முக்காவாசிக்குத் திருப்பி வச்சிருந்தேன், அப்படியே போட்டா கூம்பு கிழிஞ்சிடும். சப்ஊஃபர் வயரக் கழட்டிட்டு, ஆம்ப்ல பேஸ் பூஸ்ட்ட சுழியில வச்சு, செட்டோட வால்யூம முக்காவாசியில வச்சு, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு, ஆம்ப் முனையில ஏ.சி. வோல்ட் பார்க்கணும். 300 வாட்ஸ் 2 ஓம்ஸுக்கு 24.5 வோல்ட், அதைத் தாண்டக் கூடாது. சாதா மீட்டர் மத்த ஹெர்ட்ஸ்ல தப்பா சொன்னாலும் 50ல சரியா சொல்லும், நம்ம வீட்டுக் கரண்ட்ட அளக்கத்தானே அதைச் செஞ்சிருக்கான். கெயின் கால்வாசியிலயே போதும்னு ஆச்சு. கடைசியா டிரைவர் சீட்டுல உக்காந்து, சப்ஊஃபர் பிளஸ் மைனஸ ஒருதரம் மொத்தமா மாத்திப் போட்டுக் கேட்டேன். கதவு ஸ்பீக்கரோட ஒத்துப் போற பக்கம் எதுவோ அதுல சத்தம் கூடும். எனக்கு முதல்ல இருந்ததே நல்லாருந்தது.

வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நைனாவ முன்சீட்டுல உக்கார வச்சுகினு போனேன். பள்ளிகொண்டா தாண்டினப்ப தவில் போட்டேன். முதல் தொப்பி அடியிலயே கண்ணாடி அதிர்ந்தது. நைனா ஒண்ணும் சொல்லல, தொடையில தாளம் போட்டுகினே வந்தாரு. கொஞ்ச தூரம் போனதும் தலையச் சாய்ச்சு பின்னாடி காது கொடுத்தாரு.

"தொப்பி வந்துச்சு. பின்னாடி எவன்டா தாளம் தப்பி ஜால்ரா தட்றவன்?"

வண்டிய ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். நம்பர் பிளேட்.