பழைய கொலுசை விற்கும் முன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய வெள்ளிக் கொலுசுக்குக் கடைக்குக் கடை விலை மாறினால், முதலில் கேட்க வேண்டியது 'டச்' எவ்வளவு என்றுதான். நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதே டச். 925 முத்திரை இருந்தால் 92.5. கொலுசு 120 கிராம், 70 டச் என்றால் சுத்த வெள்ளி 84 கிராம். அதை அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். செய்கூலி திரும்ப வராது.

கொலுசில் கண்ணிக்குக் கண்ணி பற்றவைப்பு இருக்கும். பற்றவைக்கும் பொடியில் செம்பும் துத்தநாகமும் கலந்திருப்பதால், ஒரு கண்ணியை மட்டும் உரைகல்லில் உரசினால் டச் கூடுதலாகக் காட்டும். முழுதாக உருக்கினால் இறங்கும். கல், எனாமல், அரக்கு இருந்தால் எடையில் கழிப்பது நியாயம்தான். மேலே படிந்த கறுப்பு, வெள்ளியோடு கந்தகம் சேர்ந்து உண்டான வெறும் சல்பைடு படலம், அதற்காக விலையைக் குறைக்க விடாதீர்கள். உருக்கிய கட்டியை எடைபோட்டு டச் பார்த்த பிறகும் 'சேதாரம்' என்று கழித்தால், கட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.