ஹிரோஷிமாவில் கூரை திறந்த கார், கூடவே ஒரு கொள்ளை பில்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஹிரோஷிமாவில் அரை நாளைக்கு மாஸ்டா கம்பெனியின் ரோட்ஸ்டர் என்ற கூரை திறக்கிற இரண்டு சீட்டு கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். இணையத்தில் காட்டிய தொகை ஒன்று, கவுன்டரில் தீட்டியது வேறொன்று. கூடுதல் காப்பீடு, ஸ்பெஷல் வண்டிக் கட்டணம் என்று ஏற்றிக்கொண்டே போய், பில் என் அறை வாடகையைத் தாண்டிவிட்டது. அந்தக் கடைப் பக்கம் இனி தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

இவ்வளவு செலவுக்கும் காரணம் காலையில் பார்த்த மாஸ்டா அருங்காட்சியகம்தான். ஹிரோஷிமா ஸ்டேஷனிலிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தம், முகாய்நதா. முன்பதிவு கட்டாயம், ஆனால் காசு வாங்கவில்லை. 1991-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தை ஜெயித்த 787பி காரைச் சுற்றித்தான் கூட்டம் மொய்த்தது. நான் நகராமல் நின்றது 1989 ரோட்ஸ்டர் முன்னால்.

இந்தக் கார் பிறந்த கதையே சுவாரசியம். 1979-ல் பாப் ஹால் என்ற அமெரிக்க கார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரிட்டிஷ் கார்கள் மாதிரி எளிமையாக, மலிவாக, கூரை திறக்கிற இரண்டு சீட்டு வண்டி ஒன்று செய்யுங்களேன் என்றார். அந்த பிரிட்டிஷ் கார்கள் ஓட்ட சுகம், ஆனால் ஆயில் ஒழுகும், நினைத்தபோது மக்கர் பண்ணும். பிற்பாடு ஹாலே மாஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கம்பெனிக்குள் ஒரு போட்டி. டோக்கியோ குழு முன்சக்கரம் இழுக்கிற கார், இன்ஜின் நடுவில் இருக்கிற கார் என்று யோசித்தது. கலிஃபோர்னியா குழுவோ இன்ஜின் முன்னால், உந்துவது பின்சக்கரம் என்று பிடிவாதமாக நின்று ஜெயித்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கார் வெளியே வந்தது.

1.6 லிட்டர் இன்ஜின், 120 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. சுவிட்சைத் தட்டினால் தவளைக் கண் மாதிரி எழும்பும் முகப்பு விளக்குகள். துணிக் கூரை, பின்பக்கம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஜன்னல். 1998-ல் வந்த அடுத்த தலைமுறையில் அந்த விளக்குகள் போயின, பிளாஸ்டிக் இருந்த இடத்தில் கண்ணாடி வந்தது. 2005-ல் மூன்றாவது: உடம்பு பெருத்து, 2 லிட்டர் இன்ஜின், மறு வருடமே மோட்டாரில் மடங்கும் கெட்டிக் கூரை. என்னைக் கேட்டால் வழிதவறிய பிள்ளை அது. நல்லவேளை, 2015-ல் வந்த நான்காவதில் சுமார் 100 கிலோவைக் குறைத்துவிட்டார்கள். 2016-ல் மொத்த உற்பத்தி 10 லட்சத்தைத் தொட்டது.

நான் ஓட்டியது அந்த நான்காவது, 1.5 லிட்டர், துணிக் கூரை. முன்கண்ணாடிக்கு மேலே ஒரே ஒரு கொக்கி. அதை விடுவித்து, உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளி அழுத்தினால், 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. மோட்டாருமில்லை, காத்திருப்புமில்லை. கியர் குச்சி உள்ளங்கை அளவுதான், மணிக்கட்டை அசைத்தாலே விழுகிறது.

குரே நகரம் தாண்டி டோபிஷிமா தீவுச் சாலை. தீவுக்குத் தீவு பாலம், முதல் பாலத்துக்கு மட்டும் சுங்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சரிவெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம். 50 கிலோமீட்டர் வேகத்திலேயே பறக்கிற மாதிரி இருக்கிறது. இந்தச் சுகத்துக்கு 500 குதிரைத்திறன் கார் எதற்கு என்று புரியவில்லை.

ராத்திரி ஒகோனோமியாக்கி. சூடான இரும்புக் கல்லில் மெல்லிய மாவு, அதன்மேல் மலையாக முட்டைக்கோஸ், நூடுல்ஸ், முட்டை. கரண்டியாலேயே வெட்டிச் சாப்பிட வேண்டும். விலையும் கையைக் கடிக்கவில்லை.

சரி, போகிறவர்களுக்கு: நம்மூர் ஆர்டிஓ கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லும், கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், பயம் வேண்டாம். பெரிய பெட்டியை அறையிலேயே விடுங்கள், டிக்கி வெறும் 130 லிட்டர். அப்புறம், காப்பீட்டோடு சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் வாங்காமல் கார்டை நீட்டாதீர்கள்.