அப்பா வாங்கிய மனைக்குப் பட்டா வாங்கிய கதை

மாடி எடுக்க வீட்டுக் கடன் கேட்டு 2023-இல் வங்கிக்குப் போனேன். வங்கி வக்கீல் காகிதங்களை எல்லாம் புரட்டிவிட்டு, "பட்டா எங்க சார்?" என்று கேட்டார். 1986-இல் அப்பா பெயருக்கு எழுதிய கிரயப் பத்திரம் இருந்தது. தாய்ப்பத்திர நகல், வீடு கட்டிய நாளிலிருந்து கட்டிய வரி ரசீது, மின் இணைப்பு அட்டை எல்லாம் இருந்தன. பட்டா மட்டும் இல்லை. அப்பாவும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள.

பத்திரத்தில் இருந்த சர்வே எண்ணை வருவாய்த் துறையின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. பயந்துபோனேன். விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எங்கள் பகுதி முன்பு ஊராட்சி. நகராட்சியோடு சேர்ந்த பிறகு நகர நில அளவை செய்து, வார்டு, பிளாக் என்று பிரித்து, மனைக்கு மனை புதிதாக டி.எஸ். எண், அதாவது நகர அளவை எண், போட்டிருக்கிறார்கள். ஆனால் பத்திரத்தில் இருப்பது பழைய கிராம சர்வே எண்தான். நகராட்சி வரிப் பிரிவுக்கோ இரண்டுமே வேண்டாம், கதவு எண்ணும் வரிவிதிப்பு எண்ணும் போதும். ஒரே மனையை மூன்று அலுவலகங்கள் மூன்று எண்களில் வைத்திருக்கின்றன. இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒன்றுதான் என்று நிரூபிக்கிற வேலை நம் தலையில்.

எனக்கு அது தெரியவில்லை. இ-சேவை மையத்தில் பத்திரத்தை ஸ்கேன் செய்து பட்டா மாறுதலுக்கு மனு போட்டேன். மூன்று வாரத்தில் தள்ளுபடி. காரணம் ஒரே வரி: ஆவணத்தில் உள்ள எண் பதிவேட்டோடு பொருந்தவில்லை. எந்த எண் பொருந்தும், அதை எங்கே வாங்குவது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. படிப்பறிவு குறைந்த ஒருவர் அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

வழி சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு வி.ஏ.ஓ. "முதல்ல கோரிலேஷன் வாங்குங்க தம்பி, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். பழைய சர்வே எண்ணுக்கு நேராகப் புதிய டி.எஸ். எண்ணைக் காட்டும் பட்டியல்தான் அது. நில அளவைப் பிரிவில் எழுதிக் கொடுத்து, நாலைந்து தடவை நடந்து வாங்கினேன். டி.எஸ். எண் தெரிந்ததும் நகர நில அளவைப் பதிவேட்டு நகல் எடுத்தேன். அதில் எங்கள் மனைக்கு நேராக மனைப்பிரிவு போட்டு விற்றவரின் பெயர். நகர அளவை நடந்தபோது அது காலி மனை. அப்பா வெளியூரில் வேலையில் இருந்தார். பத்திரத்தைக் காட்ட ஆள் இல்லாததால் பழைய பெயரே ஏறிவிட்டது.

விற்றவரோ அவர் வாரிசோ இதே மனையை வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால்? அன்று இரவு தூக்கமே இல்லை. பதிவுச் சட்டம் 1908-ஆம் வருஷத்துச் சட்டம். அதன்படி பதிவாவது பத்திரம்தான். விற்பவர் உண்மையான உரிமையாளர்தான் என்று அரசு அங்கே உத்தரவாதம் தருவதில்லை. பட்டாவும் வருவாய்ப் பதிவுதான், அது மட்டுமே உரிமை ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதனால் வில்லங்கச் சான்றைப் பழைய எண்ணுக்கும் டி.எஸ். எண்ணுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு எண்ணில் மட்டும் பார்த்தால் இன்னொன்றில் பதிவானது கண்ணில் படாமல் போகலாம். நல்லவேளை, எங்களுக்கு இரண்டிலும் வில்லங்கம் இல்லை.

வாரிசுச் சான்றிதழ், கோரிலேஷன், இரண்டு வில்லங்கச் சான்று எல்லாம் சேர்த்து மறுபடி மனு. இந்த முறை நில அளவர் வந்தார். சின்ன வயசுப் பையன், ஒரு நாளைக்கு எத்தனை இடமோ, முகமெல்லாம் வெயில். "கல்லு கிடைச்சாத்தான் சார் அளக்க முடியும்" என்றார். நாலு மூலையில் மூன்றில் கல் இல்லை. நாலாவது, வரைபடப்படி, பக்கத்து வீட்டு அண்ணனின் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் இருக்க வேண்டும். அண்ணன் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் துவைகல்லை அவரே புரட்டிப்போட்டார். கடப்பாரையால் ஒன்றரை அடி தோண்டியதும் 'டங்' என்று சத்தம். சோப்புத் தண்ணீரில் ஊறிக் கறுத்துப் போன சர்வே கல். அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அதைக் கழுவிவிட்டார்.

பத்திரத்தில் கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி, ஆக 2,400 சதுர அடி, கிட்டத்தட்ட 223 சதுர மீட்டர். பதிவேட்டில் இருந்தது 209. டேப்பைப் பிடித்தோம். கிழமேல் 12.19 மீட்டர், சரியாக 40 அடி. தென்வடல் 18.29 இருக்க வேண்டிய இடத்தில் 17.14 தான். வடக்கே ரோட்டோரச் சாக்கடை எங்கள் மனைக்குள் 3¾ அடி வந்திருக்கிறது. சுமார் 150 சதுர அடி.

அங்கேயே சண்டைக்கு நிற்க நினைத்தேன். நில அளவர்தான் தடுத்தார். பெயர் மாற்றத்தையும் பரப்புத் திருத்தத்தையும் ஒரே மனுவில் கேட்டால் இரண்டும் நின்றுபோகும் என்றார். அவர் சொன்னது சரி. முதல் மனு போட்டதிலிருந்து பதினான்கு மாதம் கழித்து, அம்மா, தங்கை, நான் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வந்தது. பரப்பு 209 சதுர மீட்டர். மீதிக்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறேன், விசாரணையில் இருக்கிறது.

சீர்திருத்தமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் ஒருவர் போன வருஷம் முழு மனையை விற்றார். உட்பிரிவு தேவையில்லாத இனம் என்பதால், பதிவு முடிந்ததும் பட்டா வாங்கியவர் பெயருக்குத் தானாகவே மாறிவிட்டது. யாரையும் பார்க்கப் போகவில்லை. ஆனால் அவர் பெயர் ஏற்கெனவே பதிவேட்டில் சரியாக இருந்தது. எங்களைப் போல நடுவில் கண்ணி அறுந்தவர்களுக்கு அந்த வசதி எட்டவே இல்லை.

2025 பிப்ரவரியில் மத்திய அரசு 'நக்‌ஷா' என்று நகரங்களுக்கான நில அளவைத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 152 நகர உள்ளாட்சிகள், வானிலிருந்து படம் எடுத்து வரைபடம். நல்ல காரியம். ஆனால் மேலிருந்து எடுக்கும் படத்தில் எங்கள் மதில் தெரியும், சாக்கடை தெரியும். துவைகல்லுக்கு அடியில் கிடந்த கல் தெரியாது, 1986 பத்திரமும் தெரியாது. பழைய பத்திரங்களையும் பதிவேட்டையும் முதலில் ஒப்பிட்டுச் சரிசெய்யாமல் இன்றைய மதிலையே எல்லையாக எழுதிவிட்டால், பழைய தப்பு புது வரைபடத்தில் நிரந்தரமாகிவிடும். அதற்கான ஆட்களை, முக்கியமாக நில அளவர்களை, போதுமான அளவில் போட வேண்டும்.

எங்கள் பிளாக்கின் கோரிலேஷன் நகலும் பதிவேட்டு நகலும் என்னிடம் இருக்கின்றன. அதே விற்பனையாளர் பெயரில் இன்னும் பதினொரு மனைகள். நேற்று எதிர்வீட்டு அக்கா தன் பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தார். அவர் மனை வரிசையில் ஏழாவதாக இருந்தது.