கிளைடர் போலாரும் அதன் ரெஃபரன்ஸ் எடையும்

கிளைடர் (என்ஜின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் விமானம்) ஓட்டுபவர்கள் பயன்படுத்தும் எக்ஸ்சிசோர் என்ற வழிகாட்டிச் செயலியில் புது விமானம் சேர்க்கும்போது பெரும்பாலானவர்கள் பட்டியலில் பெயரைத் தேடி, தொட்டுவிட்டு, மூடிவிடுகிறார்கள். ஏஎஸ்கே 21 (இருவர் அமரும் கிளைடர்) என்று இருக்கிறது, அப்புறம் என்ன என்கிற எண்ணம். ஜெர்மனியில் நான் பறக்கும் கிளப்பின் விமானங்களுக்கு இந்தக் குளிர்காலத்தில் போலாரை உட்கார்ந்து புதிதாக அமைத்தேன். அதில் புரிந்ததை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் கடைசி இருபது கிலோமீட்டரில் திரை சொல்வதை நம்பித்தான் நாம் தெர்மலை (நம்மை மேலே தூக்கும் வெப்பக்காற்றை) விட்டுக் கிளம்புகிறோம்.

போலார் என்பது, எந்த வேகத்தில் பறந்தால் நொடிக்கு எவ்வளவு இறங்குவோம் என்று காட்டும் வளைகோடு. கணினிக்கு முழுக் கோடும் தேவையில்லை. மூன்று புள்ளிகள் கொடுத்தால் அவற்றின் வழியாக ஒரு பரவளையம் வரைந்துகொள்ளும். இங்கேதான் யோசிக்க வேண்டும், உண்மையான கிளைடரின் கோடு பரவளையம் இல்லை, குறிப்பாக ஸ்டால் ஆகும் (வேகம் போதாமல் இறக்கை தூக்குவதை விட்டுவிடும்) வேகத்துக்குப் பக்கத்தில் அது சட்டென்று கீழே மடங்கும். அந்த மடிப்பில் ஒரு புள்ளியை எடுத்தால் மொத்தக் கோடும் கோணலாகிவிடும். அதனால் நான் நிஜமாகப் பறக்கும் வேகங்களிலிருந்துதான் எடுக்கிறேன்: சிறந்த சறுக்கு வேகத்தில் (இழக்கும் உயரத்துக்கு அதிகத் தூரம் போகும் வேகம்) ஒன்று, நடுவில் ஒன்று, தெர்மலுக்குத் தெர்மல் ஓடும் வேகத்தின் மேல்முனையில் ஒன்று.

ஏஎஸ்கே 21-க்கு நான் வைத்தவை: மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 0.735 மீட்டர் இறக்கம், 120-ல் 1.18, 150-ல் 2.04. எல்எக்ஸ் என்ற நிறுவனத்தின் கிளைடர் கருவிகளில் புள்ளிகளுக்குப் பதில் பரவளையத்தின் ஏ, பி, சி என்று மூன்று கெழுக்கள் கேட்பார்கள், வேகத்தை நூறு கி.மீ. அலகில் எடுத்துக்கொண்டு. மேலே உள்ள புள்ளிகளுக்கு அவை சுமார் 2.27, −3.27, 1.84. சரிபார்க்க எளிய வழி உண்டு. சி-யை ஏ-யால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சிறந்த சறுக்கு வேகம் வர வேண்டும்: 0.90, அதாவது 90 கி.மீ. பி-யின் குறியை மாற்றி, ஏ-யின் இருமடங்கால் வகுத்தால் குறைந்த இறக்கத்துக்கான வேகம்: 72. அங்கே இறக்கம் 0.66. தயாரிப்பாளர் ஷ்லைகர் சொல்வது 34 சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்கினால் 34 மீட்டர் முன்னே), 0.65 மீட்டர் இறக்கம். பொருந்துகிறது, போதும்.

மேல்முனைப் புள்ளியை ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும் என்றால், அடுத்த தெர்மலில் நொடிக்கு எத்தனை மீட்டர் ஏற்றம் கிடைக்கும் என்பதை வைத்து, அதுவரை எந்த வேகத்தில் ஓடலாம் என்று சொல்லும் மெக்ரெடி கணக்கு அதை வைத்துத்தான் ஓடுகிறது. 1956-ல் பிரான்ஸின் சான்-யானில் உலக சாம்பியன் ஆன அதே பால் மெக்ரெடியின் கணக்கு. இந்தப் போலாரில் மெக்ரெடி 1 வைத்தால் 112 கி.மீ., 2 வைத்தால் 130. 150-ல் உள்ள எண் தப்பாக இருந்தால் இந்த வேகங்கள் எல்லாம் தப்பு.

சரி, இப்போது எடை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். போலார் எந்த எடையில் அளக்கப்பட்டதோ அந்த எடைக்கு மட்டுமே உண்மை. ரெஃபரன்ஸ் எடை என்று கேட்கும் இடத்தில் அதைத்தான் போட வேண்டும், வெற்று எடையையோ அதிகபட்ச எடையையோ அல்ல. பெரும்பாலும் வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கும். எடை மாறும்போது வேகம், இறக்கம் இரண்டும் எடை விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருகும். 450 கிலோவில் அளந்த போலார் என்று வைத்துக்கொள்வோம், இருவர் ஏறி 540 ஆனால் விகிதம் 1.2, வர்க்கமூலம் சுமார் 1.095, சிறந்த சறுக்கு வேகம் 90-லிருந்து 98-99 ஆகும். சறுக்கு விகிதம் மட்டும் 34 ஆகவே நிற்கும்.

இந்த 34 மாறாததுதான் ஆபத்து. ரெஃபரன்ஸ் எடையைத் தப்பாகப் போட்டாலும் காற்றில்லாத நாளில் பைனல் கிளைடு (ஓடுதளம்வரை போகும் கடைசிச் சறுக்கல்) ஒழுங்காகவே தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. எதிர்க்காற்று வந்தால்தான் வெளிப்படும். அந்த இடத்தில் வெற்று எடையைப் போட்டிருந்தால், நாம் இருப்பதைவிடக் கனமான, வேகமான கிளைடரில் பறப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டு, நமக்குக் கிடைக்காத சறுக்கலை எதிர்க்காற்றில் வாக்குக் கொடுக்கும். மலைச்சரிவுக்கு அப்பால் ஓடுதளம் இருக்கும் ஊர்களில் இது விளையாட்டு இல்லை.

வெற்று எடைக்கு விளம்பரத் தாளில் உள்ள 360-ஐ நம்பாதீர்கள். பெயின்ட், ரேடியோ, பேட்டரி எல்லாம் சேர்ந்திருக்கும், கடைசியாக எடைபோட்ட தாளைப் பாருங்கள். பைலட் எடையில் பாராசூட்டும் உண்டு. எல்லாம் போட்டபின் திரையில் வரும் இறக்கைச் சுமையை (மொத்த எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தது) கையால் சரிபாருங்கள்: இறக்கைப் பரப்பு 17.95 சதுர மீட்டர், 450 கிலோவுக்கு 25, 540-க்கு 30. வேறு எண் வந்தால் எங்கோ ஒரு கட்டம் தப்பு.

இறக்கையில் பூச்சிகள் ஒட்டினால் சறுக்கல் குறையும், அதைச் சொல்லும் பூச்சி அமைப்பிலும் ஒரு கண் வேண்டும். சில கருவிகளில் 0 என்றால் சுத்தமான இறக்கை, சிலவற்றில் 100 என்றால் சுத்தம்.

கடைசியில் பறந்தே பார்த்துவிடலாம். தெர்மல் தொடங்கும் முன் அதிகாலையில் இழுவை எடுத்து, 90-ஐப் பிடித்து, மூன்று நிமிடம் நேராகப் பறந்தால், போலார் எந்த எடைக்கோ அந்த எடையில் சுமார் 132 மீட்டர் இழக்க வேண்டும். உயரத்தில் காற்று மெலிவதால் ஆயிரம் மீட்டருக்கு ஐந்து சதவீதம் போல இறக்கம் கூடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பறப்புக் குழுக்களின் கூட்டமைப்பான இடாஃப்ளீக்கின் மாணவர்கள், செயல்திறன் ஏற்கெனவே தெரிந்த ஒரு கிளைடரைப் பக்கத்தில் பறக்கவிட்டு ஒப்பிட்டு அளப்பார்கள், ஒரே காற்றில் இரண்டும் இறங்குவதால் காற்றின் பிழை பெருமளவு கழிந்துவிடும். நமக்கு அவ்வளவு வசதி கிடையாது, ஆனாலும் ஒரே வேகத்தில் நாலைந்து ஓட்டம் எடுத்துச் சராசரி பார்த்தால் போலார் பத்து சதவீதம் பொய் சொல்கிறதா என்பது தெரிந்துவிடும். அந்தப் பத்து சதவீதம் இருபது கிலோமீட்டரில் 65 மீட்டர் உயரம்.