ஆட்டுக்கடா முட்டும் மணி

பதினொன்று அடிக்க இன்னும் நாலு நிமிஷம். பத்மதீர்த்தக் குளத்துப் பக்கம் மொட்டை வெயிலில் அண்ணாந்து நிற்கிறோம், நானும் சின்னவளும்.

நாகர்கோவிலிலிருந்து எர்ணாகுளம் போகிற வழி. திருவனந்தபுரத்துக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மணி நேரம்.

என் வீட்டுக்காரர் ஜீன்ஸில். வேட்டி டிக்கியில், அதுவும் அடிப்பெட்டியில். வேட்டி இல்லாமல் கோயிலுக்குள் விடமாட்டார்கள். அதனால் பத்மநாபனுக்குக் கோபுரத்தோடு ஒரு கும்பிடு. குதிரை மாளிகை அரண்மனைக்குள்ளும் போக நேரமில்லை. திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் கட்டியது, கூரைக்கடியில் 122 மரக்குதிரைகள். விட்டதில் வயிற்றெரிச்சல்தான்.

மிஞ்சியது மேத்தன் மணி என்கிற இந்தக் கடிகாரம்.

கடிகாரத்துக்கு மேலே ஒரு தாடிக்காரர் முகம். இரண்டு பக்கமும் ஆட்டுக்கடாக்கள். மணி ஆனதும் அவர் வாயைத் திறந்தார். கடா ரெண்டும் வந்து கன்னத்தில் ஒரு முட்டு.

அவ்வளவுதான். கண் சிமிட்டினால் போச்சு.

கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் நாகர்கோவிலுக்கும் இதுதான் தலைநகர். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இங்கேதான் வரணும். ஆச்சி கடைசிவரை "திருவந்திரம்" என்றுதான் சொன்னாள், ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி. அவளும் இதே இடத்தில் இப்படி அண்ணாந்து நின்றிருப்பாளோ? கேட்டு வைக்கவில்லை.

எனக்கோ இது இப்போது எர்ணாகுளத்துக்கு நடுவில் ஒரு டீ ஸ்டாப்.

"அம்மா, அவருக்கு வலிக்காதா?"

"பழகியிருக்கும்டி."

"பன்னிரண்டு மணிக்கும் முட்டுமா? இருந்து பாப்போமா?"

பின்னால் எங்கள் கார் ஹாரன்.