பிரஷர் பார்க்கப் போன இடத்தில்

ஐடி வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அதோடு இன்ஷூரன்ஸும் போயிற்று. ஒரு கிடங்கில் ஏஜென்சி மூலம் இரவு ஷிப்ட். ஒருநாள் விடிகாலை ஷிப்ட் முடிந்து காரில் ஏறியவன், மூச்சு முட்டி அரைமணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மனைவிக்கு மட்டும் வேறு சந்தேகம். எனக்குச் சொல்லாமல் ஒரு தனியார் மனநல தெரபிஸ்டிடம் விசாரித்திருக்கிறாள். ஒரு சந்திப்புக்கு 180 டாலர் என்றார்களாம். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் இல்லாதவன் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் சமூக நல மருத்துவ மையங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் சுகாதாரச் சேவை அமைப்பான எச்.ஆர்.எஸ்.ஏ.வின் தளத்தில் ஜிப் கோடு போட்டால் பக்கத்தில் இருப்பவற்றைக் காட்டும். பிரஷர் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

நர்ஸ் ஒரு தாள் நீட்டினார், மனச்சோர்வை அளக்கும் தாள். கடந்த இரண்டு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்று ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கூடினால் மோசம். தூக்கம், பசி, எதிலும் பிடிப்பில்லாமை. எட்டு வரை மளமளவென்று போட்டுவிட்டேன். செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது ஒன்பதாவது. அதைக் காலியாக விட்டேன்.

காலி இடத்தைத்தான் டாக்டர் முதலில் பார்த்தார். வாய்விட்டே கேட்டார். "சில நாள்" என்றேன். அவர் பதறவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். தற்கொலை எண்ணம் வந்தால் உதவிக்குக் கூப்பிடும் 988 என்ற எண்ணை எழுதித் தந்தார், எந்த நேரமும் கூப்பிடலாம், மெசேஜும் அனுப்பலாம் என்றார். அப்புறம் வெளியே போய்ப் பத்து நிமிடத்தில் மையத்தின் மனநலக் கவுன்சிலரைக் கையோடு அழைத்து வந்தார். தனியாக ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு நானாக வந்திருப்பேனா? சத்தியமாக மாட்டேன்.

கிளம்பும்போது கவுன்டரில் முழுக் கட்டணம் சொன்னார்கள். சுவரில் 'ஸ்லைடிங் ஃபீ' (வருமானத்துக்கு ஏற்ற கட்டணம்) என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்ததைக் காட்டிக் கேட்ட பிறகுதான் படிவம் வந்தது. (கேட்காதவன் அன்று முழுசாகக் கட்டிவிட்டுப் போயிருப்பான்.) குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, இந்த இரண்டுதான் கணக்கு. சேமிப்பையோ வீட்டையோ பார்ப்பதில்லை. மூன்று பேர் குடும்பத்துக்கு 2025-இன் வறுமைக்கோடு வருடத்துக்கு 26,650 டாலர். அதற்குள் இருந்தால் கட்டணமே இல்லை, அல்லது பெயருக்கு ஒரு தொகை. அதைப்போல இரண்டு மடங்கு வரை படிப்படியாகத் தள்ளுபடி. எங்கள் வருமானம் 41,000. சம்பளச் சீட்டுகளைக் கொடுத்ததும் ஒரு சந்திப்புக்கு 25 டாலர் என்றார்கள். கவுன்சிலிங்குக்கும் அதே தள்ளுபடிதான். கையில் காசில்லை என்பதற்காக இந்த மையங்கள் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி.

கவுன்சிலருடன் முறையான முதல் சந்திப்புக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன். அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, இலவசம்தான் என்றார்கள். வேண்டாம் என்றேன். போனில் வரும் தமிழர் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் எதிரே வந்து நின்றால்? ஆபீஸ் இங்கிலீஷை வைத்தே சமாளித்தேன். இரண்டாவது சந்திப்பில், அப்பாவிடம் வேலை போனதை இன்னும் சொல்லவில்லை என்ற இடத்தில் இங்கிலீஷ் தீர்ந்துபோயிற்று. சரி, போடுங்கள் என்றேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், பெயர் சொல்லவில்லை, ஒரு எண் மட்டும் சொன்னது. "அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்" என்றேன். அந்தக் குரல் ஒரு நொடி தயங்கிவிட்டு, நான் சொன்னதைவிட நீளமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னது. கவுன்சிலர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்றுதான் அழுதேன்.

இப்போது ஆறு முறை ஆகிவிட்டது. ஷிப்ட் முடிந்து நேராகப் போகிறேன், காலை எட்டரைக்கு. அவ்வப்போது அதே தாளைத் தருகிறார்கள். முதல் நாள் மொத்தம் 14. போன வாரம் 9. ஒன்பதாவது கேள்வியைக் காலியாக விடவில்லை, 0 போட்டேன். அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.