சிவப்பைக் காணாத படச்சுருள்

ஆக்ஃபா ஒரு காலத்தில் தயாரித்துப் பின்னர் நிறுத்திவிட்ட ஆக்ஃபாஆர்த்தோ 25 என்னும் 35 மி.மீ. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் ஏழு என்னிடம் வந்து சேர்ந்தன. இப்போது இரண்டு மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் காலாவதித் தேதி எப்போதோ கடந்துவிட்டது. ஆனாலும் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், குறைந்த சுருள்கள் முதுமையை நன்றாகத் தாங்குபவை. வேகமான சுருள்களைப் போல வெப்பத்தாலும் இயற்கைக் கதிர்வீச்சாலும் அவற்றில் விரைவில் மூட்டம் படர்வதில்லை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டால், உள்ளே ஈரம் படியாமல் தப்பிவிடும்.

படச்சுருளில் ஒளியை உணரும் வெள்ளி உப்புகளுக்கு இயல்பாகத் தெரிவது நீலமும் அதற்கு அப்பாலுள்ள புற ஊதாவும் மட்டுமே. 1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், அந்த உப்புகள் அடங்கிய பூச்சான எமல்ஷனில் சில சாயங்களைக் கலந்தால் அது பச்சையையும் உணரும் என்று கண்டறிந்தார். அவ்வாறு உருவான வகைக்கு ‘ஆர்த்தோகுரோமாட்டிக்’, அதாவது ‘சரியான நிறம் காட்டுவது’, என்று பெயரிட்டார்கள். சிவப்பு என்ற ஒன்று இருப்பதையே அறியாத பொருளுக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

ஒளியை அளக்கும் லைட் மீட்டரின் கண்ணும் இந்தச் சுருளின் கண்ணும் ஒன்றல்ல என்பதுதான் நான் ஐந்து சுருள்களைச் செலவழித்துக் கற்ற பாடம். நண்பகல் வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/30 விநாடி என்று வைத்தால் படம் ஏறக்குறைய சரியாகவே வரும். மாலை வெயிலில் அதே மீட்டரை நம்பி எடுத்த படங்கள் எல்லாம் நிழல்களில் ஒன்றுமில்லாத, கண்ணாடி போன்ற நெகட்டிவ்களாக வந்தன. மீட்டர் கணக்கில் சேர்த்துக்கொண்ட மஞ்சள், சிவப்பு ஒளியில் பெரும்பகுதி சுருளுக்குத் தெரியவே இல்லை. மாலையில் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) கூட்டிய பிறகே நிழல்களில் உயிர் வந்தது. பழைய இழைப் பல்பின் ஒளியில் இந்தக் குறைபாடு இன்னும் மோசமாகும். திறந்த வானின் கீழே விழும் நிழலில் நிலைமை தலைகீழானது. அங்கே ஒளி நீலம் கலந்தது என்பதால் மீட்டர் சொல்வதைவிடச் சுருள் சற்று அதிகமாகவே வாங்கிக்கொள்கிறது. பழைய சுருள் என்பதற்காகவும் சேர்த்து, இப்போதெல்லாம் மீட்டரில் சுருளின் வேகத்தை 25க்குப் பதில் 12 என்று வைத்துவிட்டு, முக்காலியும் கேபிள் ரிலீஸும் இல்லாமல் வெளியே போவதில்லை.

சிவப்பு ஃபில்டரை மாட்டினால் ஒன்றும் பதிவாகாது. ஃபில்டர் இல்லாவிட்டால் நீல வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வெளிர் மஞ்சள் ஃபில்டர் ஓரளவு உதவும், ஆனால் ஏற்கெனவே நத்தை வேகத்தில் இருக்கும் சுருள் அதனால் மேலும் மெதுவாகும். ஆகவே வானத்தை நான் பெரும்பாலும் சட்டகத்திலிருந்து விலக்கிவிடுகிறேன். இந்தச் சுருளுக்கு உகந்தது முதியவர்களின் கைதான் என்பது என் கருத்து. வெயில் பட்டுப் பழுத்த தோலின் புள்ளிகளும், விரல் மூட்டுகளின் செம்மையும், நகத்தைச் சுற்றிய வெடிப்புகளும் கண்ணால் பார்ப்பதைவிடக் கருமையாக எழுந்து நிற்கும். அதே காரணத்தால் இளைஞர்கள் தங்கள் முகத்தை இதில் பார்த்தால் மகிழ மாட்டார்கள்.

ஆவணங்களையும் கோட்டோவியங்களையும் நகலெடுப்பதற்காகச் செய்யப்பட்ட சுருள் இது. படத்தை வெளிக்கொணரும் சாதாரண டெவலப்பர் கரைசலில் இட்டால் கரிக்கறுப்பும் சுண்ணாம்பு வெள்ளையும் தவிர இடையில் ஒன்றும் மிஞ்சாது. இதன் கான்ட்ராஸ்டை அடக்க, ரோடினால் என்னும் டெவலப்பரை 1+100 என்ற அளவில் நீர்க்கச் செய்து, அதாவது 500 மில்லிலிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் கலந்து, 20 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொள்கிறேன். சுருளை இட்டு மூடிய, ஒளி புகாத டேங்கை முதல் அரை நிமிடம் மென்மையாகக் கவிழ்த்து நிமிர்த்திய பின், நிமிடத்திற்கு ஒரு முறை மட்டுமே அசைக்கிறேன். நீர்த்த டெவலப்பர் வெளிச்சப் பகுதிகளில் சீக்கிரம் களைத்துவிடும், நிழல் பகுதிகளில் தொடர்ந்து வேலை செய்யும். என் சுருள்களுக்கு 8 நிமிடம் பொருந்தியது. ஆனாலும் ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் ஒரே காட்சியை நான்கைந்து முறை எடுத்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டி முதலில் சோதித்துவிடுகிறேன்.

அந்தத் துண்டுக்கு டேங்க் தேவையில்லை என்பது இந்த வகைச் சுருள் தரும் இன்பம். சிவப்பு விளக்கின் கீழ், திறந்த தட்டில், இரு முனைகளையும் பிடித்துக் கரைசலில் ஊஞ்சல்போல் ஆட்டினால், பால் நிறப் பரப்பில் முதலில் சன்னலின் வெளிச்சமும், பிறகு சட்டையின் மடிப்பும், கடைசியாகத் தோலும் கருமையாக ஊறி வருவதைப் பார்க்கலாம். மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும் ஃபிக்ஸரில் இடாத எமல்ஷன் ஒளியை மறைப்பதால் படம் உள்ளதைவிட அடர்த்தியாகத் தோன்றும். அதை நம்பி முன்னதாக எடுத்துவிட்டால் நெகட்டிவ் மெலிந்துபோகும். பின்புறத்தைத் திருப்பி, மிக வெளிச்சமான இடம் அங்கேயும் தெரியத் தொடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே எனக்குப் பயன்பட்ட வழி.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் சுருளின் சோதனைத் துண்டு முழுவதும் சாம்பல் பூத்தது. கடையில் வாங்கிய சிவப்பு எல்இடி பல்பின் மேல் பழியைப் போட்டு, இருளில் ஒரு துண்டின் மேல் நாணயத்தை வைத்து, பல்பை ஐந்து நிமிடம் எரியவிட்டு டெவலப் செய்து பார்த்தேன். நாணயத்தின் வட்டம் எங்கும் தெரியவில்லை, பல்பு குற்றமற்றது. பிறகு, தட்டின் மேல் குனிந்திருந்தபோது என் மணிக்கட்டுக்கு அடியில் பச்சையாக ஏதோ மினுக்கியது: நாடித் துடிப்பை அளக்க என் ஸ்மார்ட் வாட்ச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பாய்ச்சும் ஒளி. எந்த நிறத்தைக் காண்பதற்காக ஃபோகலின் காலம் முதல் சாயம் கலந்து வந்தார்களோ, அந்த நிறத்தையே நான் கையில் கட்டிக்கொண்டு இருட்டறைக்குள் போயிருக்கிறேன். இப்போது கைக்கடிகாரம் இருட்டறைக் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்குகிறது; நிமிடங்களை நான் வாய்விட்டு எண்ணிக்கொள்கிறேன்.